வெள்ளை உறை

எங்கள் லிஃப்டில் நான்காம் எண் கிடையாது.
மூன்றுக்குப் பிறகு மூன்று-ஏ,
பதின்மூன்றுக்குப் பிறகு பதின்மூன்று-ஏ.
ஏழு வருடமாக அந்தப் பொத்தானை அமுக்கி
வீடேறுகிறேன்.
ஏன் என்று தெரியும்.
தெரிந்தது அன்று நினைவில் இல்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினெட்டு வருடம் சில்லுகளை உற்றுப் பார்த்து
கண்ணாடியின் பவர் ஏறி, ஒருவழியாக
நானும் ஏறியிருந்தேன், மானேஜராக.
வாழையிலைக் கடையில் விருந்து வைக்கலாம் என்றார் தனபாலன்.
வீட்டில்தான் என்றேன்.
முழுக்க வெள்ளையில் என்றேன்.

இரண்டாம் பாலம் தாண்டி பத்து காவான் போய்
நாற்பது மெழுகுவத்தி.
காம்பல் தெருவில் எட்டு மீட்டர் வெள்ளை வலைத்துணி,
வாசலுக்கு மேல் அலை அலையாகத் தொங்கவிட.
பூலாவ் திக்குஸ் சந்தையில் வெள்ளைச் சாமந்தி, ஆறு கட்டு.
பூக்காரன் குரலைத் தாழ்த்தி
நான் பேரம் பேசுமுன்னே பத்து வெள்ளி குறைத்தான்.
மானேஜர் முகத்துக்கு வந்த மரியாதை
என்று எடுத்துக்கொண்டேன்.

தயிர்வடையைக்கூடத் தாளிக்கவில்லை,
கடுகு படத்தைக் கெடுக்கும்.
ஹஃபீசா ஆசையாய்க் கிண்டிக்கொண்டு வந்த
ரோஜா நிற அகார்-அகாரை
ஃபிரிட்ஜில், முட்டைக்குப் பின்னால் ஒளித்தேன்.
கீ ஹுவாட் வந்தவன்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று
"மேடம், ஓகேவா?" என்றான்.
ஓகேவா? இதைவிட எப்படி?

எட்டு மணிக்கு எதிர்வீட்டு ஊய் ஆன்ட்டி.
கருநீலச் சட்டை, வாரிச் சீவிய தலை.
இரண்டு கையாலும் ஒரு வெள்ளை உறை நீட்டினார்.
அடடா, உறைகூட என் தீமுக்குப் பொருத்தமாக!
பிரித்துப் பார்ப்பது நாகரிகமில்லை, பார்த்தேன்.
நூற்றியொன்று.
அந்த ஒரு ரிங்கிட்டில் உருகிவிட்டேன்.
நம் மொய்க் கணக்கு
இந்தச் சீன அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது!

"சியாப்பா?" என்று மெல்லக் கேட்டார். யார்?
யாருக்கு இந்த விழா என்கிறார்.
மார்பைத் தொட்டுச் சொன்னேன்:
"சாயா லா, ஆன்ட்டி! நான்தான்!"

ஆன்ட்டி ஓரடி பின்னால் போனார்.
அதே நேரம் பார்த்து, சீரியல் முடிந்து
வெள்ளை நைட்டியில் மாமியார் அறையிலிருந்து வர
இன்னும் ஓரடி.

பிறகு ஹொக்கியனில் மழை.
கீ ஹுவாட் காகிதத் தட்டால் வாயைப் பொத்திக்கொண்டு
தட்டு கிழியும்வரை சிரித்தான்.
துணி, பூ, மெழுகுவத்தி, உறை,
ஒற்றைப்படை நூற்றியொன்று,
ஒவ்வொன்றாக அவன் சொல்லச் சொல்ல
என் வரவேற்பறை
என் கண்முன்னே இழவு வீடானது.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. விறுவிறுவென்று போனார்.
கோபம் என்று பயந்தேன்.
பெருநாளுக்குக் கட்டிய சிவப்புப் பட்டுத்துணியோடு திரும்பி
தனபாலனின் ஏணியில் இரண்டு படி ஏறி
என் வாசல் நெற்றியில் இழுத்துக் கட்டினார்.
இறங்கி, மெழுகுவத்திகளை ஊதத் தொடங்கினார்.
"இதைத்தான் காலையிலிருந்து சொன்னேன்" என்றார் மாமியார்,
காலையிலிருந்து ஒன்றுமே சொல்லாதவர்.
அகார்-அகார் வெளியே வந்தது.
யாரோ கடுகு தாளித்தார்கள்.

எந்தப் படத்திலும் வெள்ளை தனியாக இல்லை.

உறையைத் திருப்பினேன். வாங்க மறுத்துவிட்டார்.
இந்தப் பணம் போன கைக்குத் திரும்பக் கூடாதாம்.
கல்யாண மொய் நோட்டைத் தேடியெடுத்து
கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
திருமதி ஊய், 13ஏ-7, வெள்ளி 101.
மொய் என்றால் ஒருநாள் திருப்பிச் செய்தாக வேண்டும்.
ஆன்ட்டிக்கு எழுபத்தெட்டு.
என்றைக்கு, எந்த நிற உறையில்,
அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை.

இப்போதெல்லாம் லிஃப்டில் பார்த்தால்
காய்கறிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு
அவர்தான் முந்திக்கொள்கிறார்:
"மாசி ஹிடுப்?"
இன்னும் உயிரோடா?

இருக்கிறேன் ஆன்ட்டி, என்று
இருவருக்கும் சேர்த்து
பொத்தானை அமுக்குகிறேன்.