இடது கையே

இடது கையே,
இன்று மூன்றாவது முறையாக
என்னைக் கொன்றாய்.

சுங்கை பீசியில் ஒரு கிட்டங்கி.
ஏர்கோன் இரைச்சல். சுவரெல்லாம் கோலாலம்பூர்.
மெய்யல்ல என்று தெரியும்,
ஆனாலும் முதுகு நனைந்தது.

இருபது வருடம் ஹெலிகாப்டரில்
உனக்கு ஒரே பாடம்:
பக்கத்து நெம்புகோலைத் தூக்கு,
மேலே போவோம்.
கெர்த்தே கடலில் எண்ணெய் மேடை ஆடும்போது
நான் நினைப்பதற்குள் நீ தூக்கியிருப்பாய்.
என் சம்பளத்தில் பாதி உன்னுடையது.

இந்தப் புது வண்டிக்கு
இறக்கையின் இரு நுனியிலும் சுழலி.
நிமிர்ந்தால் ஹெலிகாப்டர், சாய்ந்தால் விமானம்.
விசை வேண்டுமென்றால் முன்னே தள்ள வேண்டும்.
நீயோ
தரை எழும்பி வருவதைக் கண்டதும்
பழைய பாசத்தில் பின்னால் இழுத்தாய்.
நெடுஞ்சாலை, மழை, சிவப்புத் திரை.
பிறகு ஒன்றுமில்லை.

ஹஃபிசுதீன், என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவன்,
பொத்தானை அழுத்தி
நகரத்தை மறுபடி நிற்க வைத்தான்.
"இன்னொரு தடவை, காக்."

வலது கைக்குக் கவலையில்லை.
குச்சியை இடப்பக்கம் சாய்த்தால்
நிற்கும்போது ஒரு சுழலி கூடுதலாகக் காற்றைக் கடிக்கும்,
ஓடும்போது இறக்கை மடல் அசையும்;
வேலை எப்போது கைமாறியது என்று
கணினி சொல்வதில்லை.
உன்னை ஏமாற்றத்தான் யாருமில்லை.

அடுத்து யாப். ஜெட் ஓட்டியவன்.
தள்ளுவதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.
ஆனால் வேகம் குறையக் குறைய
முகம் வெளிறுகிறது.
காற்றில் நின்றால் சாவு என்று
அவன் எலும்பில் எழுதியிருக்கிறது.
எனக்கு நிற்பதுதான் வீடு.
கட்டைவிரல் சக்கரத்தை உருட்டிச்
சுழலிகளை நிமிர்த்த வேண்டிய நொடியில்
மூக்கைத் தாழ்த்தி ஓடப் பார்த்தான்.
நான் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தான்.
இருவரும் சிரித்தோம்,
சிரிப்பு கொஞ்சம் நேரம் கழித்துத்தான் வந்தது.

மாலை, பங்சார் ஏற்றத்தில் நெரிசல்.
என் பழைய மைவி பின்னால் நழுவியது.
ஹேண்ட்பிரேக்,
ஹெலிகாப்டர் நெம்புகோலின் அச்சு அசல்.
இதைத் தூக்கினால் நிற்கும்.
நீ தூக்கவில்லை.
விரிந்தபடி அந்தரத்தில் நின்றாய்,
இது எந்த வண்டி என்று கேட்பதுபோல.
பின்னாலிருந்த லாரி அலறியது.
காலால் மிதித்து நிறுத்தினேன்.

கோபமில்லை.
நாளை எட்டு மணிக்கு,
தரை எழும்பி வரும்போது,
இதே கேள்வியைக் கேள்.
கொஞ்சம் சீக்கிரமாகக் கேள்.