நூறு புறப்பட்டால்

திங்கள்கிழமை பசு வரவில்லை.

ஈயக் கவசத்துக்குள் இருக்கும் அந்தச் சிறு கலத்தை
நாங்கள் பசு என்றுதான் சொல்வோம்.
காலையில் கறப்போம்.
கறந்த டெக்னீசியம்
ஆறு மணி நேரத்தில் பாதி,
இன்னோர் ஆறில் பாதியின் பாதி.
கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் அணு உலையில்
குழாய் விரிசலாம்.
ஒரு வரிக் கடிதம்.
தெமுகோவில் மழை.

எங்கள் சங்கத்தில் ஐம்பத்து மூன்று பேர்.
சந்தா கட்டியவர்கள் முப்பத்தெட்டு.
ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு, ஒரு குழுப் புகைப்படம்,
அதில் எப்போதும் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள்.
நான் செயலாளர். அதாவது
நாற்காலிகளை எண்ணுபவள்.

சனிக்கிழமை, கால்நடைக் கல்லூரியில் இரவல் அறை.
சுவரில் குதிரையின் எலும்புக்கூட்டுப் படம்.
அதனடியில் நின்று டாக்டர் அரவேனா சொன்னார்:
"கொன்செப்சியோன் முழுப் பணம் கட்டியிருக்கிறது.
எங்கள் பங்கு எங்களுக்கு."
ஒஸோர்னோவிலிருந்து பேருந்தில் வந்திருந்த
நெல்டா கத்ரிலேவ் எழுந்தாள்.
"பங்கைப் பூட்டி வைத்தால், டாக்டர்,
திறக்கும்போது பெட்டியில் என்ன இருக்கும்?"
சிலர் சிரித்தோம்.
அவரும், கொஞ்சம் தாமதமாக.

பிறகு ஐந்து மணி நேரம்.
"செய்யலாம்" என்பதா "செய்ய வேண்டும்" என்பதா,
ஒரு வினைச்சொல்லுக்கே நாற்பது நிமிடம் போயிற்று.
ஆறு விதிகள் தேறின.
குழந்தைகள் முதலில்.
தைராய்டு காத்திருக்கலாம்.
இதயத்துக்கு மாற்று வழி இருந்தால் அந்த வழி.
நான்காவதை என் கையால் தட்டச்சு செய்தேன்:
சிகிச்சையின் போக்கை மாற்றாத எலும்புப் படம்,
தள்ளி வைக்கப்படும்.
காற்புள்ளியை எங்கே வைத்தேன் என்பதுகூட
நினைவிருக்கிறது.

செவ்வாய்க்கிழமைப் பட்டியல்.
எலாடியோ சன்ஹுவேசா, வயது அறுபத்தொன்று,
பதினெட்டு நாள் தள்ளி.
என் கணவர்.

அவர் கோபப்படவில்லை,
பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
உருளைக்கிழங்கின் தோலை அறுபடாமல் சீவிக்கொண்டே
கேட்டார்:
"உன் சங்கம் என்னதான் செய்கிறது, ஒதிலியா?"

பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு எவ்வளவு என்று
ஒரே அட்டவணையை ஒன்பது மருத்துவமனைச் சுவரில் ஒட்டியது;
பாலூட்டும் தாய்க்கு
ஊருக்கொரு பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டது;
அணு என்றதும் கதவோரம் நகரும் செவிலியருக்காக
ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்தது.
இவை எல்லாம் நாக்கு வரை வந்தன.
சொன்னது:
"கூட்டம் போடுகிறோம்."

வியாழன் விடியுமுன், ஐந்து மணி.
கொன்செப்சியோனில் போன வாரத்துப் பசு
இன்னும் கொஞ்சம் சுரந்ததாம்.
ஒரு பங்கை அனுப்பியிருந்தார் அரவேனா.
சீட்டில் அவர் கையெழுத்து,
அடுத்த தாளிலும் தடம் விழும் அழுத்தம்.
ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில்
மூடுபனியும் மரம் ஏற்றிய லாரிகளும்.
எட்டே காலுக்கு அளவுமானியில் வைத்தேன்.
நூறு புறப்பட்டு
அறுபத்தொன்பது வந்திருந்தது.
மிச்சத்தைக் களவாடியவர் எவருமில்லை,
எங்கள் நாடு நீளம், அவ்வளவுதான்.

நான்கு வயது மில்லராய்
பிளாஸ்டிக் பென்குயினைப் பிடித்தபடி
காமிராவுக்கடியில் அசையாமல் கிடந்தாள்.
திரையில் புள்ளி புள்ளியாக
விலா வந்தது, முதுகு வந்தது.
இடது இடுப்பில்
ஓரிடம் மட்டும் மற்றதைவிட வெளிச்சம்.
நெல்டாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரவு வீட்டில்
"வந்ததா?" என்றார் எலாடியோ.
"வந்தது."
"யாருக்கு?"
பெயர் சொல்லக் கூடாது. வயதைச் சொன்னேன்.
நாட்காட்டியில் அன்றைய கட்டத்தை அடித்துவிட்டு
விளக்கை அணைத்தார். இன்னும் பதினாறு.

சமையலறையில் குறிப்பேட்டை எழுதி முடித்தேன்.
பெறப்பட்டது, ஒரு பங்கு.
அனுப்பியவர், நேரம், குறைவு.
கடைசி வரி:
டாக்டர் அரவேனா இந்த ஆண்டுச் சந்தா இன்னும் கட்டவில்லை.
நினைவூட்டுக் கடிதம் போக வேண்டும்.