வல்லின ற

ஜம்பட்டா வீதியில்
சைக்கிள் கடைக்கும் மெழுகுதிரிக் கடைக்கும் இடையில்
நெருக்கிக்கொண்டு நிற்கிற அச்சகம்.
தவக்காலச் சிலுவைப்பாதைப் புத்தகம்
ஆயிரத்து இருநூறு பிரதி,
விடிந்தால் கோயிலுக்குப் போகவேண்டும்.
மெய்ப்புப் பார்ப்பவன் நான்.

பதினோராம் ஸ்தலத்தில் பிழை.
'ஆண்டவரே, இறக்கமாயிரும்.'
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன்.
ஓரத்தில் இடையின ர எழுதப் போன கை
அப்படியே நின்றது.

முப்பது வருடமாய் இரக்கத்தை
உப்பரிகையிலிருந்து எறிகிற சில்லறை என்றே
வாசித்து வந்திருக்கிறேன்.
ஏந்தத் தெரிந்தவனுக்கு விழும்.
இறக்கம் அப்படியில்லை.
காய்ச்சல் இறங்கும்.
கப்பலிலிருந்து மாவு மூட்டை இறங்கும்,
இறக்குகிறவன் முதுகு குனியும்.
மேமாத மழையில் இந்த அச்சகத்துக்குள் தண்ணீர் வந்தால்
முதலில் பள்ளமான மூலையைத்தான் தேடிப் போகும்,
காகிதக் கட்டு இருக்கிற மூலை.

லூக்காவில் ஒரு குள்ளன்,
வரி வசூலிப்பவன், அத்திமரத்தில்.
பார்க்க ஏறினான் என்கிறார்கள்.
பார்க்கப்படாமல் இருக்கவும்தான் ஏறினான்
என்று எனக்குப் படுகிறது.
அவனிடம் கணக்குக் கேட்கவில்லை.
மரத்தை உலுக்கவில்லை.
'சீக்கிரம் இறங்கி வா,
இன்று உன் வீட்டில் தங்கவேண்டும்.'
எந்த வீடு?
எரிக்கோவில் கதவும் கூரையும் உள்ளதையா சொன்னார்?
அவனே தனக்குள் எத்தனை காலம்
குடியிருக்காமல் விட்ட வீட்டையா?
படிகள் கீழே போகின்றன.
விளக்கு இல்லை.
விருந்தாளி முன்பே அங்கே உட்கார்ந்திருக்கிறார்,
கால் கழுவத் தண்ணீர் கேட்டுக்கொண்டு.

என் மரம்
புளூமெண்டால் தொடர்மாடியில் ஐந்தாம் தட்டு.
அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தவன் தம்பி கிளமென்ட்.
மூன்று தரம் வந்தான்.
லிஃப்ட் வேலை செய்யாத நாள்களில்தான் வருவான்,
மூச்சு வாங்குகிற சத்தம் கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்கும்.
கதவுத் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்தேன்.
குடையிலிருந்து நீர் சொட்டியது.
'இதோ, வாசலில் நின்று தட்டுகிறேன்.'
அந்த வசனத்தில் ட் விடுபட்டிருக்கிறதா என்று
எத்தனை அச்சில் சரிபார்த்திருப்பேன்!
தட்டியது கேட்டதேயில்லை.

திருத்தினேன்.
ஆயிரத்து இருநூறு பேர்
சரியான எழுத்தில் மன்றாடட்டும்.
பிழையை நான் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு மட்டக்குளி பஸ்.
பாதிக்கு மேல் காலி.
கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி
'பஹின அய இன்னவாத?'
இறங்குகிறவர் இருக்கிறார்களா.
என் தரிப்புக்கு இன்னும் இரண்டு இருந்தது.
இது கிளமென்ட் இருக்கிற தோட்டத்து முடக்கு.

'இன்னவா' என்று யாரோ சொன்னது கேட்டது.
திரும்பிப் பார்த்தேன்.
பின் சீட்டில் ஒருவருமில்லை.
தொண்டை மட்டும் கரகரத்தது.