ஐந்தரை

பினியன் ஃபிளாஞ்சில்
பூக்கட்டும் நூலை எட்டுச் சுற்று சுற்றி
நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டுகிறேன்.
லீ பஜாரில் புளி நிறுத்த தராசு.
கொக்கியில் இன்னும் அந்த வாசம்.

முதல் வெட்டிழுப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.
உருள ஆரம்பித்த பிறகு
முள் எங்கே நிற்கிறதோ
அதுதான் பேச்சு.
ஒன்றரை. மூன்று வேண்டும்.

நட்டை அரைக்கால் திருகு. இழு. இரண்டு.
இன்னும் மயிரளவு. இரண்டேகால்.
உள்ளே நசுங்குகிற குழலுக்குச் சத்தமே இல்லை.

அப்போதுதான் பிலவேந்திரன் போன்.
"நாகலூர்ல முப்பது மூட்டை காப்பிக்கொட்டை கிடக்கு,
வானம் கறுக்குது, வண்டி எப்ப?"
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
"இதோ" என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்குள்
கை தானாக ஒரு தள்ளு தள்ளிவிட்டது.

ஐந்தரை.

நட்டைப் பின்னால் தளர்த்தினால்
முள் சமர்த்தாக மூன்றுக்கு வரும்.
நசுங்கிய குழல் நிமிராது, அவ்வளவுதான்.
தராசுக்கு அது தெரியாது.
பிலவேந்திரனுக்கும் தெரியாது,
பதினேழாவது கொண்டை ஊசியில்
பாரத்தோடு இறங்கும்போது
பின்னால் ஏதோ முனகும்வரை.

கழற்றினேன்.
ஐந்து ரோட்டில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த கடையில்
குனிந்து உள்ளே போய்ப் புதுக் குழல் வாங்கினேன்.
காசு என் கணக்கு.
"நாளைக்கு" என்று சொன்னதற்கு
அவன் வைத வசவில் பாதி
எனக்கே நியாயமாகப் பட்டது.

மணி பத்தே முக்கால்.
சேர்வராயன் பக்கம் மின்னிக்கொண்டிருக்கிறது.
டூல் பெட்டிக்குள் போன் அடிக்கிறது,
ஸ்பேனர்களோடு சேர்ந்து நடுங்கி.
அடிக்கட்டும்.

இரண்டே முக்கால்.

மயிரளவு.