சார்பு செய்யப்பட்டது

தேவகோட்டை கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் கடை.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய், முன்னும் பின்னும் மூன்று.
எட்டு வருஷமாக என் கண்ணாடிமேல்
குப்புறப் படுத்து எழுந்து போகின்றன
எழுபத்திரண்டில் ஒரு பங்கு வீடுகள்,
பினாங்கிலிருந்து வந்த பவர் பத்திரங்கள்,
ஒரு கிணற்றில் மூன்றே முக்கால் நாள் தண்ணீர் பாத்தியதை.
நான் எதையும் வாசிப்பதில்லை.
மை சரியாக விழுந்திருக்கிறதா,
ஓரம் வெட்டுப்படாமல் வந்ததா,
அவ்வளவுதான் என் வேலை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை
புதுவயல் ரைஸ் மில்லில் நெல் கிண்டுகிறவள்
தலையெல்லாம் தவிட்டோடு வந்தாள்.
நாலாய் மடித்த காகிதம்.
"இதுல என்னக்கா போட்டிருக்கு?"
பின்னால் ஒன்பது பேர்.
குமாஸ்தா சேவற்கொடியான் வாய்தாவுக்கு நேரமாச்சென்று
கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.
"வக்கீல்ட்ட கேளுங்க."
முந்தியை அவிழ்த்து மூன்று ரூபாய் தந்தாள்.
நகலை எடுத்துக்கொண்டு
அசலை மூடிக்குள்ளேயே விட்டுப் போனாள்.
நிறையப் பேர் அப்படித்தான்.
டிராயரில் போட்டு வைத்தேன், வந்து கேட்பாளென்று.

திங்கட்கிழமை பத்தரைக்கு டோனர் மாற்றிக்கொண்டிருந்தேன்.
எதிரே டவாலி கூப்பிடுவது கேட்டது:
மலையரசி, மலையரசி, மலையரசி.
தினமும் கேட்கிற சத்தம்தான்.
கையைத் துடைத்துக்கொண்டு
அடுத்தவர் ஆதாரை வாங்கினேன்.

அசலை நான் வாசித்தபோது
அவள்மேல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகி
பதினெட்டு நாள்.

அதற்குப் பிறகுதான் படிப்பு தேடினேன்.
வக்கீலுக்கு இல்லை, அதற்கு வயதும் பணமும் வேண்டும்.
வக்கீலுக்குப் பக்கத்துப் படிப்பு.

காரைக்குடி செக்காலை ரோட்டில், பேக்கரிக்கு மாடியில் ஒன்று.
நூறு சதவீத வேலை உத்தரவாதம்.
"இங்க படிச்சு யாருக்கு வேலை கிடைச்சுது?" என்றேன்.
ரிசப்ஷனில் இருந்த பெண் தன்னையே காட்டினாள்.
சம்மனை அவள் முன் விரித்து,
இதை வாங்கினவள் கோர்ட்டுக்குப் போகவில்லை,
இனி என்ன செய்யணும் என்று கேட்டேன்.
"அதெல்லாம் மூணாவது செமஸ்டர் மேடம்."
கீழே தேங்காய் பன் வெந்துகொண்டிருந்தது.
நல்ல மணம். பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று போனிலேயே நடத்துவது.
நாற்பத்திரண்டாயிரம், தவணை உண்டு.
இலவச முதல் பாடத்தில் கோட்டு போட்ட ஒருவர்
ஜூரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கினார்.
ஜூரிக்கு எங்கே போவாள் மலையரசி?
கேள்வியை டைப் செய்தேன்.
உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது என்று வந்தது.
இன்னமும் முக்கியமாகத்தான் இருக்கிறது போல.

மூன்றாவதற்கு போர்டே இல்லை.
ராம்நகரில் ஒரு டியூஷன் ஷெட், சாயங்கால வகுப்பு,
ஆறு நாற்காலி, அதில் ஒன்று ஆடும்.
ஜெயராக்கினி என்று என் வயதுக்காரி
டிபன் பாக்ஸில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தாள்.
ஃபீஸ், சர்டிபிகேட், கவர்ன்மெண்ட் ஒத்துக்குமா,
எழுதி வைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு
சம்மனை நீட்டினேன்.
இடது கையால் வாங்கினாள்.
பின்பக்கம் திருப்பினாள்.
நான் எட்டு வருஷத்தில் ஒருமுறையும் திருப்பிப் படிக்காத பக்கம்.
"தீர்ப்பாகி எத்தனை நாள்?"
"இன்னையோட இருபத்தாறு."
மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.
"முப்பது நாளுக்குள்ள ரத்து பண்ணச் சொல்லி மனு போடணும்.
நீ ஏன் இன்னும் இங்க நிக்கிற?"

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டேன்.
சேரும் நோக்கம் என்ற இடத்தில் ஒரு விரல் அகலம்தான் விட்டிருந்தார்கள்.
எழுதவில்லை.
சம்மனோடு ஒரே கவரில் வைத்துப் புதுவயல் பஸ் ஏறினேன்.

முதல் மில்லில் அந்தப் பெயரில் ஆளில்லை.
இரண்டாவது பூட்டியிருந்தது.
மூன்றாவதில் அவித்த நெல்லின் ஆவிக்குள்
ஏழெட்டு முதுகுகள் களத்தைக் கிண்டிக்கொண்டிருந்தன.
மலையரசி என்றேன்.
மலையரசி.
மலையரசி.
மிஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நாலாவது முறை கூப்பிட்டேன்.
கோர்ட்டில் அது கிடையாது.