அரை சென்ட்

சிகாகோ, வெல்ஸ் தெரு, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே மேல்தண்டவாள ரயில் போகும்போதெல்லாம்
மைக்கூடு ஓர் அங்குலம் நகரும்.
என் வேலை எண்ணுவது.
பிணங்களை அல்ல, சாவிகளை அல்ல,
சொற்களை.
சொல்லுக்கு அரை சென்ட்,
அதுவும் அச்சேறிய பிறகுதான்.

"படிக்காதே, எண்ணு" என்றார் ஆசிரியர் ப்ரௌட்டி
முதல் நாளே.
படித்தால் கணக்குப் பிசகும்.
அதனால் கண் ஆங்கிலத்தில் ஓட
வாய் செக் மொழியில் முணுமுணுக்கும்,
யெடன், துவா, த்ரி என்று,
அப்பா கடையில் தொத்திறைச்சி எண்ணிய அதே குரலில்.

டுலூத்திலிருந்து வரும்
லெமுவெல் ஹாஸ்கெட்டின் உறைகளைப் பிரிக்காமலே தெரியும்.
குலுக்கினால் கோதுமைத் தூசி உதிரும்.
பகலில் துறைமுகத்தில் தானியம் நிறுப்பவராம்.
இரவில் மூன்று பெயர்:
ஒன்று பேய்களுக்கு, ஒன்று துப்பறிவாளருக்கு,
இன்னொன்று சதுப்பு நிலத்துச் சவங்களுக்கு.
மூவரின் தட்டச்சிலும் ஒரே எழுத்து
வரிக்குக் கீழே விழும்,
இருட்டில் படி தவறிய கால் மாதிரி.
நான் யாரிடமும் சொன்னதில்லை.

"மெல்ல, மிக மெல்ல, மெல்லவே கதவு திறந்தது."
ஒரு மெல்ல போதும்.
மீதி மூன்று சொல் ஒன்றரை சென்ட்,
ஏறக்குறைய ஒரு முட்டை.
ஒரு ஜனவரியில் அவருடைய பிசாசு
பதினோரு பக்கம் மாடிப்படி ஏறியது.
அங்கே நிலக்கரி விலை கூடியிருக்கிறது என்று
நினைத்துக்கொண்டேன்.

பிறகு வங்கிகள் வரிசையாகக் கதவடைத்த அக்டோபரில்
ஒரு தாள் வந்தது.
ஒரே தாள்.
மூன்று முறை கணக்குப் பிசகியது.
படித்துவிட்டிருந்தேன்.

வெற்று வண்டி ஒன்று தராசில் ஏறுகிறது.
முள் நூற்று நாற்பத்தேழு பவுண்டு காட்டுகிறது.
மறு வாரம் அதே வண்டி, அதே வெறுமை:
நூற்று முப்பத்தொன்பது.
நிறுப்பவன் பேரேட்டில் எழுதுகிறான்.
யாரையும் கூப்பிடவில்லை.
நூற்றுப் பதினெட்டு வந்த அன்று
தானே தராசில் ஏறி நிற்கிறான்.
முள் அசையவில்லை.

அவ்வளவுதான்.
ஒரு மெல்ல கூட இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு சொல்,
ஒரு டாலர் ஐம்பத்தாறு.
"பேய் எங்கேயம்மா?" என்றார் ப்ரௌட்டி.
குடலிறக்கப் பட்டை விளம்பரத்துக்கு மேலே
இடம் காலியாக இருந்ததால் போட்டார்.

பணம் எழுதும் நாளில்
312-க்குப் பின்னால் ஒரு சுழி சேர்த்தேன்.
அந்த நேரம் பார்த்து ரயில் போனது.
சுழி கொஞ்சம் கோணலாக விழுந்தது.
பதினைந்து டாலர் அறுபது.
அன்றிரவு பார்லி சூப்பை இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தேன்,
ஏதோ நானே சம்பாதித்தது போல.

மூன்று வாரம் கழித்து ஒரு மணியார்டர்,
பதினான்கு டாலர் இரண்டு சென்ட்.
கூடவே ஒரு துண்டுக் காகிதம்:
"அம்மணி, எடை தப்பு. சுழி உங்களுடையது.
திருப்பி அனுப்புகிறேன்.
தபால்தலைக்கு இரண்டு சென்ட் பிடித்துக்கொண்டேன்."

பிசாசுக்குப் பதினோரு பக்கம் படிக்கட்டு கட்டியவருக்கு
நிறுவையில் மட்டும் இப்படியொரு நேர்மை!
கோபத்தில் அதையும் எண்ணினேன்.
பதினொரு சொல், ஐந்தரை சென்ட்.
எந்தப் பத்தியில் எழுதுவது?

அப்புறம்தான் உறைத்தது.
காசோலையில் இருந்தது ப்ரௌட்டியின் கையெழுத்து.
என் பெயர் இந்தக் கட்டடத்தில் எங்கும் அச்சானதில்லை.
அம்மணி என்று அவருக்கு யார் சொன்னது?

உறையைக் குலுக்கினேன்.
தூசி இல்லை.
கையில் பிடித்திருப்பதே தெரியவில்லை.

மேசையோரம் இருந்த தபால் தராசை எடுத்து
அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.