தெருவின் அந்தப் பக்கம்

ட்ரூடி ப்ளாஷெக்கின் சமையலறை மேசையில்
இரண்டு சேர்க்கைக் கடிதங்கள்,
ஒன்றின் ஓரத்தில் காப்பிக் கறை.
சன்னலுக்கு நேரெதிரே, நாற்பது தப்படியில்
அரசு மருத்துவக் கல்லூரி.
நடுவில் கிடக்கும் தெருதான் மாநில எல்லை.
அவள் தூங்குவது மிசூரியில்,
கல்லூரி நிற்பது கேன்சஸில்.
ஆகவே அவள் வெளியூர்க்காரி.
கட்டணம் கிட்டத்தட்ட இரட்டை.

சொந்த மாநிலக் கல்லூரிக்கோ
காரில் இரண்டு மணி நேரம்.
பெட்ரோல், வாடகை, ஸ்டெதஸ்கோப், பரீட்சைப் பணம்...
மின்கட்டண உறையின் முதுகில்
கூட்டிக் கூட்டிப் பார்க்கிறாள்.
எப்படிப் போட்டாலும் இடிக்கிறது.

"எதிர்சாரியில் கீழ்த்தள அறை காலி" என்கிறான் தம்பி.
இடத்தைத் தள்ளிவைத்து
ஒரு வருஷம் குடியிருந்து காட்டினால்
உள்ளூர்க்காரி ஆகிவிடலாமாம்.
நாய்க்கு மட்டும் அனுமதி இல்லை.

நேற்றிரவு ஆம்புலன்ஸில்
நெஞ்சைப் பிடித்துக்கொண்ட ஒருவரை
இதே தெருவுக்குக் குறுக்கே கொண்டுபோனாள்.
பெயர் கேட்டாள்,
என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள்.
எந்தப் பக்கத்து ஆள் என்று
கேட்கத் தோன்றவில்லை.

விடிந்ததும் நாயோடு நடக்கிறாள்.
அது விறுவிறுவென்று தெருவைத் தாண்டி
கேன்சஸ் கம்பத்தில்
காலைத் தூக்குகிறது,
சல்லிக்காசு செலவில்லாமல்.